மாப்பிள்ளை செட்

கடலூர் முதுநகரில் ராஜமாணிக்கத்தின் டயர் கடையைவிட அந்தக் கடைக்குள் இருந்த நான்கு சக்கரங்களுக்குத்தான் பேர் அதிகம். ரிம்மோடு, காற்று அடித்துத் தயாராக, மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சாக்குப் போட்டு மூடியிருக்கும். நான்கும் புது டயர். டயரின் மேல் வரிவரியாக இருக்கும் வெட்டுகளை அந்தப் பக்கத்து ஆட்கள் பட்டன் என்பார்கள். இந்த நான்கிலும் பட்டனுக்குள் விரலை வைத்தால் நகம் முழுக்க உள்ளே போய்விடும்.

வேன் வைத்திருப்பவனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்று ஒரு கண்டம் வரும். வண்டி ரோட்டில் ஓட லாயக்கா என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றி வந்து பார்ப்பார். டயர் மொட்டையாக இருந்தால் பேச்சே கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் முந்தின நாள் சாயங்காலம் வேன்காரர்கள் தலையைச் சொறிந்துகொண்டு ராஜமாணிக்கத்தின் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அவர் மொட்டை டயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இந்த நான்கையும் மாட்டி அனுப்புவார். மறுநாள் வண்டி பாஸாகும். பாஸானதும் நேராகக் கடைக்கு வந்து, புது டயரைக் கொடுத்துவிட்டுப் பழைய மொட்டையையே மாட்டிக்கொண்டு சவாரிக்குப் போய்விடும். பெண் பார்க்கப் போகிறவன் அண்ணனுடைய வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போகிற கதைதான். அதனாலேயே அதற்கு மாப்பிள்ளை செட் என்று பேர் விழுந்துவிட்டது.

ராஜமாணிக்கத்துக்கு இதில் வரும்படி ஒன்றும் கிடையாது. கேட்டால், ஏதோ நம்மால் ஆன ஒத்தாசை என்பார். உள்ளுக்குள் பெருமை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். கல்யாணம் காதுகுத்துக்குப் போனால் வேன்காரர்கள் எழுந்து இடம் கொடுப்பார்கள். ரோட்டில் நடந்து போனால் எதிரே வரும் வேன் ஒரு ஹாரன் அடித்து, டிரைவர் கையைத் தூக்கி ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் போகும். அந்த ஹாரன் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். செட் ஓடக் கூடாது. எஃப்.சி.க்குப் போகலாம், வரலாம், அவ்வளவுதான். ஒரு தடவை ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் செட்டோடு வேளாங்கண்ணிக்குச் சவாரி அடித்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் அவர் எத்தனை முறை வந்து நின்றும் ராஜமாணிக்கம் சாக்கைத் தூக்கவில்லை. அது தேய்ந்துபோனால் அப்புறம் யாருக்கு உதவும் என்பது அவர் நியாயம். நல்ல டயர் தேயாமல் இருப்பதற்காக மொட்டை டயர் ரோட்டில் ஓட வேண்டும் என்கிற இந்த நியாயத்தில் ஏதோ கோணல் இருப்பதாக அந்த ஊரில் ஒருத்தருக்கும் படவில்லை.

சுனாமி வந்துபோன மூன்றாவது ஐப்பசியில் அவர் மச்சான் அன்புமணியின் வேனுக்கு எஃப்.சி. வந்தது. அன்புமணி, ராஜமாணிக்கத்தின் மனைவி தில்லையம்மாளுக்குத் தம்பி. அக்காமேல் உயிர். வேனின் முன்கண்ணாடியில் எல்லோரும் சாமி பேர் எழுதும் இடத்தில் அவன் 'அக்கா துணை' என்று எழுதி வைத்திருந்தான். ஆனால் ரோஷக்காரன். அக்கா வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட இரண்டாவது தடவை சோறு கேட்க மாட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வந்தபோது கடையில் நாலைந்து வேன்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஞானசேகரனும் இருந்தான். போன மாசம்தான் அவனும் மாப்பிள்ளை செட்டைப் போட்டு எஃப்.சி. வாங்கியிருந்தான்.

"வா மச்சான்," என்றார் ராஜமாணிக்கம். சாக்கைத் தூக்கும்போது கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "மச்சானா இருந்தாலும் செட்டு செட்டுதான். எஃப்.சி. முடிஞ்சதும் மரியாதையா கழட்டிக் குடுத்துடணும். அக்கா வூட்டு சொத்துன்னு ஓட்டிக்கிட்டுத் திரியக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஞானசேகரன்தான் ஜாஸ்தியாகச் சிரித்தான். அன்புமணியும் சிரித்தான். "நான் எப்ப மாமா உங்க சொத்துக்கு வந்தேன்," என்று கேட்டுக்கொண்டே ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தான். கேலிதான். மச்சானைக் கேலி பண்ணாமல் வேறு யாரைப் பண்ணுவது? ராஜமாணிக்கம் வீடு போய்ச் சேருவதற்குள் அதை மறந்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் அந்த வேன் ராஜமாணிக்கத்தின் மகள் இசைவாணியையும் அவள் பள்ளிக்கூடத்துப் பெண்களையும் கூட ஒரு டீச்சரையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டி. இசைவாணி எட்டாவது படிக்கிறாள், குழுப் பாட்டில் முதல் வரிசை. ஒரு வாரமாக வீட்டில் பல் தேய்க்கும்போதும் பாட்டு, தலை வாரும்போதும் பாட்டு. ஒரே பெண். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, ஏறாத கோயில் எல்லாம் ஏறி இறங்கியபிறகு பிறந்தவள்.

எஃப்.சி. பாஸான சேதியை வெள்ளிக்கிழமை அன்புமணி போனில் சொன்னான். ராஜமாணிக்கம் அப்போது மங்கலம்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இருந்தார். நாளைக்குப் பாப்பா போகிற வண்டி, செட்டைக் கழற்றாதே என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள். இதைப் போய்ச் சொல்லவும் வேண்டுமா, அவனுக்கே தெரியாதா என்று விட்டுவிட்டார். மகளிடம் மட்டும் போனில் சொன்னார். "மாமா வண்டியில அப்பா டயருதான் போட்டிருக்கு. ராணி மாதிரி போயிட்டு வா."

சனிக்கிழமை, பிள்ளைகள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. எதிர்வீட்டுச் சுவர் தெரியாத மழை. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்ட ராஜமாணிக்கத்தின் பின்னாலேயே தில்லையம்மாள் வாசல்வரை வந்தாள்.

"ஏங்க, இந்த மழையில போவுதுங்களே, வண்டி நல்லா இருக்குமில்ல?"

"நம்ம மாப்ள செட்டு போட்டிருக்கு. அது தண்ணியில வழுக்கவே வழுக்காது. நீ உள்ள போ, நனையாத."

அதைச் சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் பொருள் தன் மகளுக்குப் பயன்படுகிறது என்று நினைத்துக்கொண்டே முழங்காலுக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார்.

கடையை லூர்துசாமி திறந்து வைத்திருந்தான். ரொம்ப வருஷமாக அங்கே டயர் கழற்றி மாட்டுகிறவன். ராஜமாணிக்கம் குடையை மடக்கி உதறினார். மூலையில் வைக்கலாம் என்று திரும்பினார். மூலையில் சாக்கு மூடிய குவியல் ஒன்று இருந்தது.

"லூர்து, என்னாது அது?"

"மாப்ள செட்டுண்ணே."

"அது அன்புமணி வண்டியில இல்ல இருக்கணும்?"

"நேத்து அவரு திரும்பறதுக்குள்ள கடை சாத்தியாச்சுண்ணே. விடியக் கருக்கல்லயே வூட்டாண்ட வந்து எழுப்பிட்டாருண்ணே. கடையைத் தொற, செட்டைக் குடுத்துட்டுத்தான் சவாரிக்குப் போவேன்னு நிக்கிறாரு. நான்கூடச் சொன்னேன், நம்ம பாப்பா போற வண்டிதானே, வந்து கழட்டிக்கலாம்னு. அதெல்லாம் வேணாம், மாமா நாலு பேரு எதிர்ல சொல்லிட்டாரு, மச்சானுக்கு ஒரு சட்டம் மத்தவனுக்கு ஒரு சட்டம்னு அவுரு பேரு கெடக் கூடாதுன்னாரு. அவரே கழட்டி, தொடச்சி, சாக்கு போட்டு மூடிட்டுப் போனாரு."

ராஜமாணிக்கம் சாக்கை இழுத்தார். நான்கும் பளபளவென்று இருந்தன. பட்டனுக்குள் சிக்கியிருந்த பொடிக் கற்களைக்கூட எடுத்திருந்தான் மச்சான். அப்படியே அந்த டயர்களின் மேலேயே உட்கார்ந்தார்.

அன்புமணி வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் டயர்கள் அவருக்குத் தெரியாதவையா? ஆடி மாசம் அவர் கையாலேயே கட்டிங் போட்டுக் கொடுத்தது. மொட்டையான டயரில் சூடு காட்டிய கத்தியால் கோடு கோடாகக் கீறி எடுத்தால், தூரத்துப் பார்வைக்குப் பட்டன் மாதிரி தெரியும். இருக்கிற கொஞ்சநஞ்ச ரப்பரையும் சுரண்டி எடுப்பதுதான் அது. முன்சக்கரம் இரண்டிலும் அந்தக் கோடுகூட இந்நேரம் அழிந்திருக்கும். பின்னால் இடது பக்கத்து டயரில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. வலது பக்கத்து டயரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். மழைக்கு முன்னாடி மாத்திடு மச்சான் என்று அவர் சொன்னார். தீபாவளிச் சவாரி முடியட்டும் மாமா என்று அவன் சொன்னான். சரி என்று அவரும் விட்டார்.

பட்டன் இருக்கிற டயர் என்றால் ரோட்டில் நிற்கும் தண்ணீர் அந்த வெட்டுக்குள் புகுந்து பக்கவாட்டில் போய்விடும், ரப்பர் ரோட்டைப் பிடிக்கும். மொட்டை டயரில் தண்ணீர் போக வழி கிடையாது. வண்டி அப்படியே தண்ணீர்மேல் ஏறிக்கொள்ளும். அதற்கப்புறம் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பேருக்குத்தான். இதை டயர் வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி வியாபாரம் பண்ணியவர் அவர். இப்போது அந்தப் பேச்சு முழுவதும் அவருக்கே திரும்பி வந்தது.

போனை எடுத்து அன்புமணியைக் கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்க மாட்டான். ஓட்டும்போது போன் எடுக்கவே கூடாது என்று தன் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கியவள் தில்லையம்மாள். பள்ளிக்கூடத்து நம்பருக்குப் போட்டார். மழைக்கு லைன் செத்துக் கிடந்தது.

எதிரே துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஏற்றிப் போகும் மணவாளனின் சின்ன யானை லோடு வண்டி நின்றது. ராஜமாணிக்கம் மழைக்குள் ஓடினார். என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று அவருக்கே பிற்பாடு ஞாபகமில்லை. மணவாளன் உடனே பெட்டிகளை இறக்கிக் கடைக்குள் தள்ளினான். லூர்துசாமி நான்கு சக்கரங்களையும் உருட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏற்றினான். ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அவனும் ஏறித் தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டான். அந்த அவசரத்திலும் ராஜமாணிக்கம் குனிந்து மணவாளனின் டயரைத் தடவிப் பார்த்தார்.

"புது வண்டிண்ணே. வருஷம்கூட ஆவல. ஏறுங்க," என்றான் மணவாளன்.

சிப்காட் தாண்டும்வரை ரோடே தெரியவில்லை. வைப்பர் ஒரு பக்கம் தள்ள, மழை மறுபக்கம் கொட்டியது.

"வேகமா போ மணவாளா," என்றார். வண்டி ஒரு பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறியதும், "பாத்து, மெதுவா போ," என்றார். அடுத்த நிமிஷம் மறுபடி, "வேகமா போப்பா."

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுண்ணே," என்றான் மணவாளன். கோபத்தில் சொல்லவில்லை. அவனுக்கும் பெண் இருக்கிறாள்.

போன் அடித்தது. மச்சானோ என்று பதறி எடுத்தார். தில்லையம்மாள்.

"ஏங்க, அன்பு போன எடுக்கல."

"ஓட்டறப்ப எடுக்காதன்னு நீதான சத்தியம் வாங்கின."

"ஆமா, அதான் நானும் நெனச்சேன். நீங்க எங்க இருக்கீங்க, என்ன இரைச்சலு?"

"கடையிலதான். மழை."

"டயரு நம்மளுதுதானே போட்டிருக்கு?"

ராஜமாணிக்கம் தலையைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். தார்ப்பாய்க்குக் கீழே நான்கு டயர்களும் லூர்துசாமியின் காலடியில் குலுங்கிக்கொண்டு வந்தன.

"ஆமா," என்றார். "நம்மளுதுதான்."

போனை மடியில் போட்டுவிட்டு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். சாமியைக் கூப்பிடலாம் என்றால் எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை. என் கை ரெண்டையும் எடுத்துக்கோ, கடையை எடுத்துக்கோ, அவளை மட்டும் விட்டுவிடு என்று யாரிடமோ கெஞ்சினார். கூடவே வேறு ஒரு நினைப்பும் வந்தது. நான் மட்டும் அந்தச் செட்டைக் கொடுக்காமல் இருந்திருந்தால் எஃப்.சி.யில் வண்டி நின்றுபோயிருக்கும். நின்றுபோயிருந்தால் அவன் எப்படியாவது புது டயர் போட்டிருப்பான். அந்த நினைப்பை எவ்வளவு தள்ளியும் போகவில்லை.

ஆலப்பாக்கத்தில் கூட்டம் நின்றது. ரோட்டை அடைத்துக்கொண்டு பஸ், லாரி, குடை, ஆட்கள். பள்ளத்தில் ஏதோ ஒரு வண்டி சாய்ந்து கிடப்பது மட்டும் தெரிந்தது. மணவாளன் நிறுத்துவதற்கு முன்பே ராஜமாணிக்கம் கதவைத் திறந்து குதித்துவிட்டார். செருப்பு ஒன்று சேற்றோடு போனது. ஆட்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். யாரோ அடிக்க வந்தார்கள்.

சிமென்ட் லாரி. டிரைவர் வரப்பின்மேல் உட்கார்ந்து துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

அந்த டிரைவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. உடனே வெட்கமாகவும் இருந்தது. அந்த டிரைவரையும் யாரோ ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருப்பாள்.

புதுச்சத்திரத்தில் டீக்கடைக்காரரிடம் கேட்டார்கள். "பொம்பளப் புள்ளைங்கதானே? பாடிக்கிட்டே போச்சுங்க. இந்தச் சாரல்ல ஜன்னலக்கூட சாத்தல. நல்ல பாட்டு," என்றார் அவர்.

"வேகமா போனானா?"

"வேன்காரன் என்னிக்கு மெதுவா போயிருக்கான்?"

ராஜமாணிக்கம் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் கால் தானாகவே தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இருப்பதுபோல.

சிலம்பிமங்கலம் தாண்டி ஒரு வளைவு. எதிரே ஒரு வேன் ரோட்டோரமாகக் கடலூரைப் பார்த்து நின்றது. எதிர்த் திசையில் வந்த வண்டி போலிருக்கிறது என்று மணவாளன் அதைக் கடக்கப் பார்த்தான். அதன் முன்கண்ணாடியில் மழைத் தண்ணீருக்கு அடியில் எழுத்துத் தெரிந்தது. அக்கா துணை.

"நிறுத்து," என்றார். மணவாளனின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

சிதம்பரத்துக்குப் போன வேன் கடலூரைப் பார்த்து நிற்க வேண்டும் என்றால் ரோட்டிலேயே ஒரு சுற்று சுற்றியிருக்க வேண்டும். சுற்றும்போது பின்னால் பஸ் வந்திருந்தால்? எதிரே மணல் லாரி வந்திருந்தால்? பின்சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவுக்குக்கூட இடமில்லை. வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடியது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருத்தரும் இல்லை.

அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பெண்ணின் பேர் வரவில்லை, "பாப்பா, பாப்பா" என்றுதான் வந்தது.

"அப்பா."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு உரக்கடையின் தகரத் தாழ்வாரத்தில் பிள்ளைகளும் டீச்சரும் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் அழுதார்கள். இசைவாணி ஓடி வந்தாள். அவர் அவள் தலையைத் தடவினார், கையைத் திருப்பிப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி தலையைத் தடவினார். உதட்டில் மட்டும் பல் பட்டு லேசாக ரத்தம்.

"ஒண்ணுமில்லப்பா. யாருக்கும் ஒண்ணுமில்ல. நீ எப்பிடி வந்த?"

அவளைத் தன்மேல் அழுத்திக்கொண்டு நின்றார்.

"மழை ஜாஸ்தியானதும் எல்லாம் பயந்துச்சுங்கப்பா," என்றாள் அவள். "மிஸ்கூட மாமாகிட்ட நிறுத்திட்டுப் போலாமான்னு கேட்டாங்க. நான்தான் சொன்னேன், எங்கப்பா டயரு போட்டிருக்கு மிஸ், அது வழுக்கவே வழுக்காதுன்னு. அப்பறம்தான் எல்லாம் பாடுச்சுங்க." அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் எப்பிடிப்பா வழுக்குச்சி?"

கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராஜமாணிக்கத்துக்கு அந்தக் கேள்விக்குப் பதில் முழுவதும் தெரியும்.

அன்புமணி முன்சக்கரத்தின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தான். மழை அவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"பிரேக்கத் தொட்டேன் மாமா. தொட்டதுதான். ஸ்டியரிங் கையிலயே இல்ல."

"ஏன்டா கழட்டுன?" ராஜமாணிக்கம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "பாப்பா போற வண்டின்னு தெரியுமில்ல? எதுக்குடா கழட்டுன?"

"நீங்கதான மாமா சொன்னீங்க." அவன் எதிர்த்துப் பேசவில்லை. சின்னப் பையன் மாதிரிச் சொன்னான். "மச்சானா இருந்தாலும் செட்டு செட்டுதான்னு. ஞானசேகரன் எல்லாம் சிரிச்சானுங்க. பாப்பாவ சாக்கா வெச்சி ஓட்டிக்கிட்டான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுன்னுதான்."

பிடித்த சட்டையை ராஜமாணிக்கம் விட்டார். அடிக்கக் கையை ஓங்கினால் அதைத் தன்மேல்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

லூர்துசாமி அதற்குள் ஜாக்கியை வைத்துவிட்டான். மணவாளன் சக்கரங்களை உருட்டி வந்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டினார்கள். கழற்றிய டயரை லூர்துசாமி புரட்டிப் போட்டபோது இடது பின்சக்கரத்தில் நூல் பிய்ந்து தொங்கியது. அன்புமணி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பிள்ளைகள் பக்கத்தில் யாரோ ஒருத்தி மெதுவாகப் பாட்டை மறுபடி எடுத்தாள், இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

இசைவாணி ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி. எல்லாம் முடிந்தது, பிழைத்தோம் என்று ராஜமாணிக்கம் ரோட்டோரத்தில் நின்று மூச்சு விட்டார். அப்போதுதான் அவர் ரோட்டைப் பார்த்தார்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்தது. கல்யாண கோஷ்டி, ஜன்னலெல்லாம் பட்டுப் புடவை. டிரைவர் அவரைப் பார்த்ததும் ஹாரன் அடித்துக் கையைத் தூக்கினான். சித்திரையில் செட் வாங்கிப் போனவன். அடுத்து ஒன்று, இறால் பண்ணைக்குப் போகிற பெண்களை அடைத்துக்கொண்டு. அதுவும் ஹாரன் அடித்தது. அது ஆனி மாசம். அடுத்தது வடலூருக்குப் பூசத்துக்குப் பூசம் ஆட்களை ஏற்றிப் போகிற வேன், அதன் முன்டயர் இரண்டும் மொட்டை, அவருக்குத் தெரியும். அவர் கையாலேயே கழற்றி, ஓரமாக வைத்து, மறுநாள் அவர் கையாலேயே திரும்ப மாட்டி அனுப்பிய டயர்கள். ஒவ்வொரு வண்டியாக அவருக்குச் சலாம் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு ரொம்பப் பிடித்த சத்தம். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவர் கண் அந்த வண்டியின் சக்கரத்துக்குப் போனது.

வளைவில் இன்னொரு வேன் திரும்பியது. ஞானசேகரன். அவனும் பாட்டுப் போட்டிக்குத்தான் போகிறான். வேறு பள்ளிக்கூடம், நீலச் சீருடை, ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். போன மாசம் அவன் டயரை மாட்டும்போது, எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று லூர்துசாமி கேட்டிருந்தான். மழை வராத வரைக்கும் என்று இவர்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

ராஜமாணிக்கம் ரோட்டின் நடுவே ஓடினார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். "நிறுத்து, ஞானசேகரா, நிறுத்து."

ஞானசேகரன் அவரைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. வண்டியை லேசாக ஒடித்து அவருக்கு வழிவிட்டு, லைட்டை அடித்துக் காட்டி, ஹாரனை இரண்டு தடவை அழுத்தி, கையை நெற்றியில் வைத்துச் சலாம் போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் போட்டதைப் பார்த்துப் பிள்ளைகளும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார்கள். பின்சக்கரம் அவரைக் கடந்தபோது பார்த்தார். வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஈரக் கையோடு போனை எடுத்துப் போட்டார். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஞானசேகரனும் ஓட்டும்போது போன் எடுக்காத நல்ல பையன்தான்.

"மணவாளா, வண்டிய எடு," என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடி வந்தார். "லூர்து, ஏத்து, ஏத்து."

"எத ஏத்தறதுண்ணே?" என்று கேட்டான் லூர்துசாமி.

அவன் அப்போதுதான் அன்புமணி வண்டியில் கடைசிச் சக்கரத்தின் கடைசி நட்டை முறுக்கி முடித்திருந்தான். பிள்ளைகள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இசைவாணி படியில் நின்று, வழக்கம்போல் முன்சீட்டுக்குப் போகலாமா என்று கண்ணாலேயே அப்பாவைக் கேட்டாள்.

ராஜமாணிக்கம் அந்த நான்கு டயர்களையும் பார்த்தார். சிதம்பரம் போகும் ரோட்டைப் பார்த்தார். ஞானசேகரனின் வண்டி மழைக்குள் மறைந்துவிட்டிருந்தது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு செட்.